தாமதித்து வந்த காயம்

போர்க்களத்தில் பட்ட புண்ணே வீரனுக்கு அணிகலன் என்று கருதிய சமுதாயம் நம்முடையது. களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டனர் நம் முன்னோர். நோயால் இறந்தவன் நிலை வேறாக இருந்தது. நோய்வாய்ப்பட்டு உயிர்நீத்த அரசரின் உடலைப் பரப்பிய புல்லின்மேல் கிடத்தி, வாளால் பிளந்து, அதன் பின்னரே அடக்கம் செய்யும் வழக்கம் ஒன்று இருந்ததைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. படுக்கையில் வந்த சாவைப் போர்ச்சாவாக மாற்றிக்கொள்ள இறந்தவர் மேனியில் ஒரு காயம் வேண்டியிருந்தது. காயம் இல்லையேல் வீரம் இல்லை என்பது அக்காலத்து எண்ணம்.

அந்த எண்ணம் முற்றும் மறைந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. குண்டடி பட்டுக் காலிழந்து வரும் படைவீரனை எந்த நாடும் மாலையிட்டு வரவேற்கும். உடலில் ஒரு கீறலும் இன்றித் திரும்பி வந்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து நோயுற்றுச் சாகிறவனை என்ன செய்வது? அவனுடைய காயம் தாமதித்து வந்த காயம். அது களத்தில் பட்டதா, வீட்டில் வந்ததா என்று யார் தீர்ப்பது? 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவ்வினாவை எழுப்பி, விடை முழுதும் வருமுன்னே கண் மூடிய ஒரு படைவீரரின் வரலாறு நம் வாசகர் பலரும் அறியாதது. ஆர்வில் கெல்லி என்பது அவர் பெயர்.

1945 முதல் 1962 வரை அமெரிக்கா 200-க்கும் மேற்பட்ட அணுகுண்டுகளைத் திறந்தவெளியில் வெடித்துப் பார்த்தது. நெவாடாப் பாலைவனத்திலும் பசிபிக் தீவுகளிலும் நடந்த இச்சோதனைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் ஏதோ ஒரு வகையில் பங்கேற்றனர். நெவாடாவில் அவர்களைப் பதுங்குகுழிகளில் இறக்கி, குண்டு வெடித்த சிறிது நேரத்திற்கெல்லாம் எழுந்து முன்னேறச் செய்தனர். அணுப்போர்க்களத்தில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்வான் என்று படைத்தலைமை அறிய விரும்பியது. பசிபிக்கில் கப்பலோட்டியவரும், காவல் நின்றவரும், கட்டடம் எழுப்பியவரும், காளான் வடிவப் புகைமண்டலத்தினுள் விமானம் செலுத்தி மாதிரி எடுத்துவந்தவரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கண்ணைக் கையால் பொத்திக்கொண்டிருந்தபோது விரல் எலும்புகள் மூடிய இமைகளினூடே தெரிந்தன என்று அவர்களுள் பலர் பிற்காலத்தில் ஒன்றுபோலவே கூறியுள்ளனர். கூறியது பிற்காலத்தில்தான். அக்காலத்தில் வாய் திறக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. கண்டதையும் செய்ததையும் எவரிடமும் சொல்வதில்லை என்று உறுதி தந்தே அவர்கள் அங்கு நின்றனர்.

எனிவெட்டாக் என்பது மார்ஷல் தீவுகளின் வடமேற்கு எல்லையில் உள்ள பவழத்தீவுக் கூட்டம். நடுவே காயல், அதனைச் சுற்றி வளையமாகச் சுமார் 40 சிறு தீவுகள். 1944-இல் ஜப்பானியரிடமிருந்து அமெரிக்கப் படை இதனைக் கைப்பற்றியது. 1947 டிசம்பரில் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 140 தீவுமக்களைக் கப்பலேற்றி, யுஜெலாங் என்னும் வேறொரு சிறிய தீவுக்கூட்டத்தில் இறக்கிவிட்டனர். மறு ஆண்டே சோதனைகள் தொடங்கின. 1952 நவம்பர் முதல் நாளில் வெடித்த முதல் ஹைட்ரஜன் குண்டு எலுகெலாப் என்ற தீவை இருந்த இடம் தெரியாமல் அழித்து, அங்கே கடலடிப் பள்ளம் ஒன்றை விட்டுச்சென்றது. 1958 வரை எனிவெட்டாக்கில் மட்டும் 43 குண்டுகள் வெடிக்கப்பட்டன.

அவற்றுள் பாதிக்கு மேல் அந்தக் கடைசி ஆண்டுக்குரியவை. வல்லரசுகள் சோதனைகளைச் சிறிது காலம் நிறுத்திவைப்பது பற்றிப் பேச்சு எழுந்த வேளை அது. நிறுத்தம் வருமுன் இயன்றவரை வெடித்துப் பார்த்துவிட வேண்டும் என்னும் அவசரத்தில் 'ஹார்ட்டாக்' என்ற பெயரில் 1958 ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு வரை பசிபிக்கில் 35 குண்டுகள் வெடிக்கப்பட்டன. அந்த மாதங்களில் எனிவெட்டாக் வளையத்தின் தென்கிழக்கே உள்ள ஜாப்டன் தீவின் பொறுப்பாளராக இருந்தவர் தரைப்படையைச் சேர்ந்த கெல்லி. 22 வெடிப்புகளை அவர் நேரில் கண்டார். அன்று அவருக்கு வயது முப்பதுக்கும் குறைவு. உடலில் ஒரு வடுவும் இல்லாமல் ஊர் திரும்பினார். பதினைந்து ஆண்டுகள் குறிப்பிடத்தக்க குறையின்றிக் கழிந்தன.

1973-இல் அவருக்கு நிணநீர்ச் சுரப்பிகளில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது.

கதிரியக்கம் உடலில் செய்யும் வேலை வாள் வெட்டைப் போன்றதன்று. அது உயிரணுவின் உள்ளே மரபுச் செய்தி எழுதப்பட்டுள்ள இழையைச் சிதைக்கிறது. சிதைந்த அணு சாகலாம், தன்னைச் சீர்செய்துகொள்ளலாம், அல்லது பிழையோடு பெருகத் தொடங்கலாம். அந்தப் பெருக்கம் புற்றுநோயாக வெளிப்படும் காலம் நோய்க்கு நோய் வேறுபடும். இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே தோன்றலாம். ஏனைய பல 10, 20, 30 ஆண்டுகள் காத்திருந்தும் வரும். இரோசிமா, நாகசாகி நகரங்களில் உயிர்தப்பியவரைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் வழியே மருத்துவ உலகம் இதனை அறிந்தது. இதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. கதிரியக்கத்தால் வந்த புற்றுநோய்க்குத் தனி அடையாளம் ஏதும் கிடையாது. வேறு காரணத்தால் வந்ததும் இதுவும் மருத்துவர் கண்ணுக்கு ஒன்றே. ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு மிகையாக வந்தது என்று கணக்கிடலாமே தவிர, இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது.

பணியின்போது ஏற்பட்ட நோய் என்று ஒப்புக்கொண்டு உதவித்தொகை வழங்குமாறு முன்னாள் படைவீரர் நிர்வாகத்திடம் கெல்லி விண்ணப்பித்தார். பணிக்கும் நோய்க்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று மறுத்துவிட்டனர். அவர் அணிந்திருந்த பிலிம் அட்டை காட்டிய கதிரியக்க அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருந்ததாம்! இந்த அட்டையைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நிழற்படச் சுருளின் ஒரு துண்டை உறையிலிட்டுச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். கதிர்கள் பட்டுச் சுருள் எவ்வளவு கறுத்துள்ளது என்பதைப் பார்த்து அளவைக் கணிப்பார்கள். தொடக்ககாலச் சோதனைகளில் இதனையும் எல்லாருக்கும் தரவில்லை. ஒரு குழுவுக்கு ஓர் அட்டை, அது காட்டிய அளவே அனைவருக்கும் என எழுதிக்கொண்டனர். பசிபிக்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் உறையின் மெழுகு விட்டுப்போய்ச் சுருள் கெட்டதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சோடும் உணவோடும் நீரோடும் உள்ளே சென்ற கதிரியக்கத் தூசியை அந்த அட்டை அறியாது. சட்டைக்கு வெளியே நடந்ததைத்தான் அது கூறும்; விலா எலும்புக்குள் நடப்பதை அது எவ்வாறு கூறும்?

பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியின் கையில் ஒற்றைச் சிலம்பேனும் இருந்தது. அதனை உடைத்துக் காட்டி அரசனையே கள்வன் என்று ஒப்பச் செய்ய அவளால் முடிந்தது. இந்த வீரர்களின் கையில் என்ன இருந்தது? எந்த நாளில் எந்தக் குண்டு, அதன் ஆற்றல் என்ன, காற்று எப்பக்கம் வீசியது, தூசி எங்கே படிந்தது என்னும் பதிவுகள் அனைத்தும் அரசிடமே இருந்தன; அவற்றில் பல இரகசியம் என்று முத்திரையிடப்பட்டவை. போதாததற்கு 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த தேசியப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பற்றி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுபட்டவரின் கோப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பகுதி அதில் அழிந்தது. அணுச் சோதனையில் நின்ற தரைப்படையினர் பெரும்பாலோர் அந்தக் காலத்தவர்தாம். தாம் அங்கே இருந்ததையே காட்டுவதற்குப் பலரிடம் தாள் ஒன்றும் இல்லாமற் போயிற்று. மனைவிக்கும் மருத்துவருக்கும்கூடச் சொல்லாமல் காத்த இரகசியம் இப்போது அவர்களுக்கே எதிராக நின்றது.

நீதிமன்றத்திற்குப் போகலாமே என்று கேட்கலாம். அந்தக் கதவு 1950-இலேயே சாத்தப்பட்டுவிட்டது. 'ஃபெரஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணியின் விளைவாக ஏற்பட்ட கேட்டுக்குப் படைவீரர் தம் அரசின்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது. படையின் ஒழுங்கு கெட்டுவிடும் என்பதும், உதவித்தொகைச் சட்டம் தனியே இருக்கிறது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். உதவித்தொகை கேட்டால் சான்று இல்லை. வழக்கிடலாம் என்றால் உரிமை இல்லை. இவ்விரண்டு சுவர்களுக்கும் நடுவே நோயாளி நின்றார்.

சுவரில் முதல் விரிசல் வேறொரு வீரரால் ஏற்பட்டது. 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் நெவாடாவில் 'ஸ்மோக்கி' என்ற 44 கிலோடன் குண்டு வெடித்தபோது அங்கே நின்றவர் பால் கூப்பர். இருபது ஆண்டுகளுக்குப் பின் இரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்த அவர், தம் நோய்க்கு அந்தக் குண்டே காரணம் என்று விடாது கூறிவந்தார். அதனைப் பொருட்படுத்தி விசாரிக்கத் தொடங்கினார் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்த மருத்துவர் கிளின் கால்டுவெல். அந்தச் சோதனையில் பங்கேற்ற 3,224 பேரைத் தேடிக் கணக்கெடுத்தபோது, இரத்தப் புற்றுநோய் மூன்று அல்லது நான்கு பேருக்கு எதிர்பார்க்கத்தக்க இடத்தில் 9 பேருக்கு வந்திருந்தது. 1980-இல் இம்முடிவு மருத்துவ இதழில் வெளியானது. கூப்பர் 1978-லேயே இறந்துவிட்டார். அவ்வாண்டுதான் சோதனைகளில் பங்கேற்றவர் யார் யார் என்று தேடிப் பட்டியலிடும் பணியைப் பாதுகாப்புத் துறை தொடங்கியது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத் தன் வீரர்களின் பெயர்களைத் தேடத் தொடங்கிய நிர்வாகத்தை எந்தச் சொல்லால் குறிப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

கெல்லி தம் நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பர்லிங்டன் என்னும் சிறு நகரம் அவர் ஊர். (அவ்வூரை அடுத்திருந்த ஆயுதத் தொழிற்சாலையில் 1975 வரை அணு ஆயுதங்கள் பொருத்தப்பட்டு வந்தன, அத்தொழிலாளரின் நோய்கள் தனிக் கதை.) 1979-இல் அவரும் அவர் மனைவி வாண்டாவும் தம் இல்லத்தையே அலுவலகமாக்கி 'அணுச் சோதனை முன்னாள் படைவீரர் தேசியச் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினர். நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. நோயுற்றவர் எழுதினார்கள், கைம்பெண்கள் எழுதினார்கள், உடற்குறையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார் எழுதினார்கள். தத்தம் ஊரில் தாம் ஒருவர் மட்டுமே இப்படி என்று அதுவரை எண்ணியிருந்தவர்கள், தம்மைப் போன்றோர் ஆயிரக்கணக்கில் இருப்பதை அப்போதுதான் அறிந்தனர். இரகசிய உறுதிமொழி அவர்களை நாட்டின் பகைவரிடமிருந்து பிரித்ததைவிட ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரித்துவைத்ததே மிகுதி எனலாம்.

கெல்லியின் போராட்டத்தில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது இந்தக் கட்டம். 1979 நவம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அவர் கோரிக்கையை ஏற்றது; நோய் பணியினால் வந்ததே என ஒப்புக்கொண்டது. அவர் மறைந்தாலும் மனைவி மக்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். தமக்கு வேண்டியதைப் பெற்றுவிட்டவர், சாவை எதிர்நோக்கியிருப்பவர், அத்தோடு ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாரியத்தின் முடிவு அந்தந்த மனுவுக்கு மட்டுமே உரியது. மற்றவருக்கு முன்மாதிரி ஆகாது. கெல்லிக்குக் கிடைத்தது கெல்லிக்கே. அடுத்த நோயாளி மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, எரிந்துபோன கோப்பையும் கெட்டுப்போன பிலிம் அட்டையையும் வைத்துக்கொண்டு தம் வழக்கை நிறுவ வேண்டும். இதனால் கெல்லி தம் வெற்றியை முடிவாகக் கொள்ளவில்லை. உடல் இடங்கொடுத்தவரை பேசினார், உறுப்பினரைச் சேர்த்தார், மற்றவர் மனுக்களுக்காக வாதாடினார். 1980 ஜூனில், 49-ஆம் வயதில் இறந்தார். அவருக்குப் பின் வாண்டா அப்பணியைத் தொடர்ந்தார்.

அதே ஆண்டுகளில் எனிவெட்டாக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்பது தகும். தங்கள் தீவுகளைத் திருப்பித் தருமாறு யுஜெலாங்கில் பட்டினியோடு போராடிய மக்கள் இடைவிடாது கேட்டுவந்தனர். அதன் பயனாக 1977-இல் அமெரிக்க அரசு துப்புரவுப் பணியைத் தொடங்கி, 1980 வரை சுமார் 4,000 படையினரைச் சுழற்சி முறையில் அங்கே அனுப்பியது. பெரும்பாலோர் இருபது வயது இளைஞர். நஞ்சேறிய மேல்மண்ணைச் சுரண்டி, சிதைந்த இரும்பையும் கான்கிரீட்டையும் வாரி, ருனிட் தீவில் 1958-இல் ஒரு குண்டு குடைந்த பள்ளத்தில் கொட்டினர். ஏறத்தாழ 73,000 கனமீட்டர் மண்ணும் கழிவும் சேர்ந்தன. அதன்மேல் 45 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் மூடியைக் கவிழ்த்து மூடினர். கடற்கரையில் கவிழ்த்து வைத்த பெரியதொரு தட்டைப்போல் அது இன்றும் கிடக்கிறது. பள்ளத்தின் அடிப்பகுதிக்குத் தளம் எதுவும் போடவில்லை. அந்த மண்ணில் கலந்திருந்தவற்றுள் ஒன்று புளுட்டோனியம். அதன் ஆற்றல் பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் வேண்டும். வெயில் தாங்காமல் மேற்சட்டையின்றிக் கால்சட்டை மட்டும் அணிந்து வேலை செய்த இளைஞரின் நிழற்படங்கள் பின்னாளில் வெளிவந்து பலரையும் திடுக்கிடச் செய்தன.

1977-இல் ஒரு சிறு பகுதித் தீவுமக்கள் முன்கூட்டியே திரும்பி வந்து தங்க அனுமதிக்கப்பட்ட இடம், முன்பு கெல்லி பொறுப்பேற்றிருந்த அதே ஜாப்டன். ஆக, பழைய வீரர் ஒருவர் எனிவெட்டாக்கில் தமக்கு நேர்ந்ததை ஒப்புக்கொள்ளுமாறு வாஷிங்டனிடம் வாதாடிக்கொண்டிருந்த அதே வேளையில், வாஷிங்டன் புதிய வீரர்களை அங்கேயே மண் அள்ள அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த இளைஞரும் ஒருநாள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்று எவரேனும் எண்ணியிருப்பார்களா?

கெல்லி மறைந்த பின் சட்டம் மெல்ல நகர்ந்தது. 1984-இல் வந்த சட்டம் ஒன்று, வீரர் பெற்றிருக்கக்கூடிய கதிரியக்க அளவைக் கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யும் முறையை வகுத்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். கணக்கிடுவதோ சோதனையை நடத்திய பாதுகாப்புத் துறை! பழைய பதிவுகளிலிருந்து கணித்த அளவுகள் சிறியனவாகவே வந்தன. இந்த வழியில் உதவி பெற்றவர் மிகச் சிலர். 2003-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு இக்கணிப்புகளை ஆராய்ந்தபோது, ஒருவர் பெற்றிருக்கக்கூடிய உச்ச அளவு, குறிப்பாக மூச்சுவழி உள்ளே சென்ற அளவு, பல வேளைகளில் குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது.

உண்மையான திருப்பம் 1988 மே மாதத்தில் ஏற்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் ரேகன் கையொப்பமிட்ட சட்டம் 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. சோதனையில் பங்கேற்றவருக்கு அவற்றுள் ஒன்று வந்தால், பணியினாலேயே வந்ததாகக் கொள்ளப்படும். அவர் அளவைக் காட்ட வேண்டியதில்லை, காரணத்தை நிறுவ வேண்டியதில்லை. கெல்லியைக் கொன்ற நோயின் வகையும் அப்பட்டியலில் இருந்தது. பட்டியல் பின்னர் 21 ஆக வளர்ந்தது. 'உன் நோய் எதனால் வந்தது?' என்று நோயாளியை நோக்கிக் கேட்ட கேள்வியின் இடத்தில், 'நீ அங்கே இருந்தாயா?' என்னும் கேள்வி வந்து நின்றது. முதல் கேள்விக்கு உலகின் தலைசிறந்த மருத்துவராலும் விடை கூற முடியாது. இரண்டாவதற்கு எழுத்தர் ஒருவர் விடை கூறிவிடலாம்.

இதனை அறிவியலுக்கு மாறான இரக்கம் என்று சிலர் அன்றும் குறை கூறினர். அவர்கள் வாதத்தை நாம் புறந்தள்ளிவிட முடியாது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து சோதனைத் தொடர்களில் பங்கேற்ற ஏறத்தாழ 70,000 பேரின் இறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. மொத்தப் புற்றுநோய் இறப்பில் மிகை காணப்படவில்லை. இரத்தப் புற்றுநோய் இறப்பு 14 விழுக்காடு மிகையாக இருந்தது; ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் எனும் அளவுக்கே இருந்தது. ஸ்மோக்கியில் கண்டதும் இதுவும் ஒத்துப்போகவில்லை. நோயுற்ற ஒவ்வொரு வீரரும் குண்டினால்தான் நோயுற்றார் என்பது உண்மையாக இருக்க முடியாது. அவர்களுள் பலர் எவ்வாறாயினும் நோயுற்றிருப்பர். இன்னார் எந்தப் பக்கம் என்று பிரிக்க வழியில்லாதபோது, தவறு யார் பக்கம் விழ வேண்டும் என்பதே வழக்கு. உரிமையில்லாத சிலருக்கு உதவித்தொகை போய்ச் சேர்வது ஒரு தவறு. உரிமையுள்ளவர் பலர் கதவடியில் இறப்பது மற்றொரு தவறு. சோதனையை நடத்தியதும், அளவுகோலைத் தேர்ந்ததும், பதிவைப் பூட்டியதும், வாயைப் பூட்டியதும் ஒரே கையாக இருக்கும்போது, ஐயத்தின் சுமையை அந்தக் கையே ஏற்க வேண்டும் என்பது நம் கருத்து.

இந்த முறை பரவியது. தென்வியட்நாமில் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்னும் இலையுதிர் நஞ்சினால் வந்த நோய்களுக்கு 1991-இல் இயற்றிய சட்டமும் 'அங்கே இருந்தாயா' என்பதையே கேட்டது. மார்ஷல் தீவுமக்களின் கோரிக்கைகளை விசாரித்த தீர்ப்பாயமும் அதே 1991-இல் நோய்ப்பட்டியல் முறையை மேற்கொண்டது. குண்டு வெடித்தவரின் படையினருக்குக் கிடைத்த தயவு குண்டுக்கு வீடிழந்தவருக்கும் கிடைத்தது என மகிழலாம். ஆனால் தீர்ப்பாயத்துக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்துபோனதால் பலருக்கு அறிவித்த தொகை முழுமையாகக் கிடைக்கவில்லை.

மாறாக, பிரிட்டன் எதிர்த்திசையிலேயே நின்றது. 1952 முதல் 1958 வரை ஆஸ்திரேலியாவிலும் பசிபிக்கிலும் அந்நாடு நடத்திய சோதனைகளில் ஏறத்தாழ 22,000 பிரித்தானியர் பங்கேற்றனர். 1958-இல் கிறிஸ்மஸ் தீவில் பொறியாளர் படைப்பிரிவில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் கென் மெக்கின்லி 1983-இல் அவர்களுக்கெனச் சங்கம் அமைத்தார். தம் பதிவுகளைத் தர மறுத்த அரசின்மேல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று 1998-இல் தோற்றார். 2012-இல் ஆயிரம் பேர் அளவிலான வீரர்களும் குடும்பத்தினரும் தொடுத்த வழக்கில், காலம் கடந்து வந்தீர்கள் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்னும் கணக்கில் கதவடைத்தது. காயம் காலம் கடந்து வரும்போது வழக்கு மட்டும் காலத்தில் வர வேண்டுமாம். அச்சோதனைகளில் நின்ற பிஜித் தீவு வீரர்களுக்கு 2015-இல் பிஜி அரசே தன் பணத்திலிருந்து உதவி வழங்கியது. 2022 நவம்பரில்தான் பிரிட்டன் அவர்களுக்கு ஒரு பதக்கம் அறிவித்தது. பதக்கத்தோடு பட்டியல் எதுவும் வரவில்லை.

அமெரிக்காவில் இரகசிய உறுதிமொழி 1996-இல் சட்டப்படி நீக்கப்பட்டது. அதுவரை உயிரோடிருந்தவர்கள் தாம் கண்டதைத் தம் மருத்துவரிடம் அச்சமின்றிச் சொல்லலாம் என்றாயிற்று. ஆனால் 1977-80 ஆண்டுகளில் எனிவெட்டாக்கைத் துப்புரவு செய்த இளைஞருக்கு 1988-இன் சட்டம் பொருந்தவில்லை. அவர்கள் குண்டு வெடித்ததைக் கண்டவர்கள் அல்லர். வெடித்த பின் கிடந்ததை வாரியவர்கள். சட்டத்தின் சொற்படி 'சோதனையில் பங்கேற்றோர்' என்பதில் அவர்கள் அடங்கவில்லை. கெல்லி நடந்த பாதையை அவர்கள் முதலிலிருந்து நடக்க வேண்டியதாயிற்று. ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தனர். இறந்தவர் பட்டியலை எழுதினர். காங்கிரஸ் உறுப்பினரின் அறைகளுக்கு வெளியே காத்திருந்தனர்.

2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பைடன் கையொப்பமிட்ட முன்னாள் படைவீரர் சட்டம் அவர்களையும் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 1977 ஜனவரி முதல் நாளிலிருந்து 1980 டிசம்பர் 31 வரை எனிவெட்டாக் துப்புரவில் பணியாற்றியவர் என்பது போதும். இருபது வயதில் மண் அள்ளப் போனவர்களுக்கு அப்போது வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது. சட்டம் வருமுன்னே இறந்தவர்களின் மனைவியரும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் நிரப்ப வேண்டிய தாளில் கணவர் எந்த நாள் தீவில் இறங்கினார், எந்த நாள் புறப்பட்டார் என்பதற்கு இடம் உண்டு.